சோதனைச்சாலையில் ஒரு புற்று

புற்றுநோய்க்குப் புதிய மருந்து கண்டனர் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது, நாமும் மகிழ்கிறோம். ஆனால், சோதனைச்சாலையில் வென்ற மருந்துகளுள் பல நோயாளியின் உடலில் தோற்றுவிடுகின்றன. காரணம் யாது? மருந்தை மட்டும் குறை கூறலாகாது. அதைச் சோதித்த தட்டையும் பார்க்கவேண்டும்.

1951ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் புற்றிலிருந்து, அவருடைய இசைவைப் பெறாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள், உடலுக்கு வெளியே இடையறாது பெருகின. அதன்பின் புற்றணுக்களைத் தட்டில் ஒற்றை அடுக்காக வளர்த்து மருந்துகளைச் சோதிப்பது எங்கும் வழக்கமாயிற்று. அங்கே ஒவ்வோர் உயிரணுவுக்கும் உணவும் பிராணவாயுவும் குறைவின்றிக் கிடைக்கும். ஊற்றிய மருந்தும் எல்லாவற்றையும் ஒருங்கே தொடும்.

உடலில் வளரும் கட்டியோ அத்தகையதன்று. தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரற் புற்றுகளை ஆராய்ந்து, 1955இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இரத்தக் குழாய்களிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவுக்கு அப்பால், பிராணவாயு எட்டாமல், உயிரணுக்கள் மடிந்து கிடந்தன. அந்த எல்லையில் அரைகுறை மூச்சுடன் வாழ்பவை கதிர்ச் சிகிச்சைக்கு எளிதில் பணிவதில்லை.

இந்நிலையைச் சோதனைச்சாலையில் உண்டாக்குவது எங்ஙனம்? உயிரணுக்கள் ஒட்டமுடியாத பரப்பில் அவற்றை விட்டால், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருண்டையாகத் திரள்கின்றன. உருண்டை பெருத்ததும் புறத்தே உள்ளவை பெருகும்; இடையில் உள்ளவை உறங்கும்; நடுவில் உள்ளவை மடியும். மருந்து உள்ளே நுழைவதும் அரிதாகும்.

வடிவம் மட்டுமன்று, சூழலும் முக்கியம். மீனா பிசெல் என்ற அறிவியலார் தம் குழுவினருடன் மார்பக உயிரணுக்களைக் களி போன்ற ஒரு பொருளுக்குள் வளர்த்தார். நல்லவை உள்ளீடற்ற சிறு கோளங்களாகி வளர்ச்சியை நிறுத்தின. புற்றணுக்கள் ஒழுங்கின்றிப் பெருகின. 1997இல் அக்குழுவினர், புற்றணுக்கள் சூழலைப் பற்றிக்கொள்ள உதவும் ஒரு புரதத்தைத் தடுத்தனர். என்ன வியப்பு! குறையுள்ள மரபுப் பொருள் மாறாதிருக்கவே, அவை நல்லவைபோல் அடங்கி ஒழுகின. தட்டையான தட்டில் இவ்வுண்மை புலப்பட்டிராது.

இன்று நோயாளியின் புற்றிலிருந்தே சிற்றுருக்கள் வளர்த்து, அவருக்கு ஏற்ற மருந்து எது என ஆராய்கின்றனர். எனினும் இவற்றுட் பலவற்றில் இரத்த ஓட்டமில்லை. நோயெதிர்ப்பு அணுக்களும் இல்லை. அக்குறைகளை நீக்கும் பணி நடைபெறுகிறது. மாணவ நண்பர்களே, சரியான விடை வேண்டுமாயின், கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டல் வேண்டும். அவ்விடத்தை அமைப்பதும் அறிவியலின் பணியே.