மலைக்கு அப்பால் மராக்காஸ்

டிரினிடாட் தீவின் வடகரையில், மழைக்காடு மூடிய மலைத்தொடர் கடலில் இறங்கும் இடத்தில் வளைந்து கிடக்கிறது மராக்காஸ் விரிகுடா. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான மணற்கரை, அதையொட்டித் தென்னைகள், அவற்றுக்குப் பின்னால் செங்குத்தான மலை. கரீபியன் என்றதும் சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் அசையாத நீலக் கடலும் கரை நெடுக ஹோட்டல்களும் இங்கே கிடையாது. அலை உண்டு, பெரிய ரிசார்ட் இல்லை. உள்ளூர்க் குடும்பங்கள் வந்து குளித்து, சாப்பிட்டு, பாட்டுக் கேட்டுப் பொழுதைப் போக்கும் கடற்கரை இது. வெளியூர்க்காரர் அந்தக் கூட்டத்தோடு கலந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கடற்கரைக்குப் போகும் சாலைக்கே ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தன் கரீபியத் தீவுகளில் அமெரிக்காவுக்குப் படைத்தளங்கள் அமைக்க இடம் கொடுத்தது. டிரினிடாடின் வடமேற்கு முனையான சகுவாரமாஸ் அப்படிக் கைமாறியது. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் மக்கள் வழக்கமாகக் குளிக்கப் போன கரைகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. அவை அடைபட்டுப் போனதற்கு ஈடாக, மலையை வெட்டி அமெரிக்கர்கள் போட்டுக் கொடுத்ததுதான் வடகரைச் சாலை. 1944இல் அது திறக்கப்பட்ட பிறகே மராக்காஸ் நகரத்தாருக்கு எட்டும் தொலைவுக்கு வந்தது.

தலைநகரிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கணக்கு செல்லாது. மரவல் பள்ளத்தாக்கைக் கடந்ததும் வளைவுகள் தொடங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். உச்சியை ஒட்டிய காட்சிமுனையில் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் நின்றுவிடும். கீழே கடல் தெரிவது ஒரு காரணம். அங்குள்ள பெட்டிக்கடைகள் இன்னொரு காரணம். புளி உருண்டை, சர்க்கரையில் ஊறிய பழங்கள், 'சௌ' ஆகியவை அங்கே கிடைக்கும். சௌ என்பது செங்காய் மாங்காயையோ அன்னாசியையோ துண்டு போட்டு, உப்பு, பூண்டு, மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குலுக்கியது. அதில் விழும் 'சேடோ பெனி' என்ற நீண்ட இலைக்குக் கொத்தமல்லியின் மணம், ஆனால் இன்னும் காட்டமானது.

கடலைப் பொறுத்தவரை மராக்காஸை லேசாக எண்ணக் கூடாது. வடகிழக்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும் அலைகள் தடுப்பின்றி விரிகுடாவுக்குள் நுழைகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை தொலைவில் வீசும் புயல்களால் அவை இன்னும் உயரும். கரையில் மோதிய நீர் திரும்பும்போது சில இடங்களில் ஒடுங்கிய ஓட்டமாக ஆளை உள்ளே இழுக்கும். உயிர்காப்பாளர்கள் பகலில் காவல் இருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து விலகலாம். பவளப்பாறை பார்க்கும் ஆசை இங்கே நிறைவேறாது. தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் டிரினிடாடைச் சூழ்ந்த கடலில் கலப்பதால் பவளம் அதிகம் வளர்வதில்லை. அதற்கு அண்டைத் தீவான டொபாகோவின் புக்கூ திட்டுக்குத்தான் போக வேண்டும்.

மராக்காஸின் பெயர் பரவியது பெரும்பாலும் சாப்பாட்டால். 'பேக் அண்ட் ஷார்க்' என்பார்கள். மைதா மாவைப் பிசைந்து எண்ணெயில் போட்டால் பூரியைப் போல உப்பி வருவது பேக். அதை நடுவே பிளந்து, மசாலாவில் ஊறவைத்துப் பொரித்த சுறாத் துண்டை உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் வேலை அதோடு சரி. பக்கத்து மேசையில் கோஸ், வெள்ளரி, தக்காளி, அன்னாசி, பூண்டுச் சாறு, புளிச் சட்னி, சேடோ பெனி அரைத்தது, காரச் சாறு என வரிசையாக இருக்கும். அவரவர் அடுக்கிக்கொள்ள வேண்டும். டிரினிடாட் மிளகாயின் காரம் அறியாதவர்கள் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது. புளியும் மாங்காயும் இந்தத் தீவுச் சமையலில் இவ்வளவு இடம் பிடித்ததில் 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களுக்கும் பங்குண்டு. பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள்.

சுறா மெதுவாக வளர்ந்து குறைவாகவே குட்டி போடும் மீன் என்பதால், அளவுக்கு மீறிப் பிடித்தால் இனம் மீண்டு வருவது கடினம். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இதைச் சொல்லி வேறு மீன் கேட்டு வாங்கும்படி வற்புறுத்துகிறார்கள். வஞ்சிரம் போன்ற மீன் வைத்த பேக்கும் கிடைக்கிறது. ருசியில் குறை சொல்ல முடியாது.

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு, அதுவே ஏற்ற காலம். அமைதி தேடுபவர் வார நாளில் போகலாம். கூட்டத்தையே பார்க்க விரும்புபவர், கார்னிவல் முடிந்த மறுநாளான சாம்பல் புதனன்று போக வேண்டும். இரண்டு நாள் தெருவில் ஆடிய ஊர் அன்று இங்கே வந்து இளைப்பாறும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அதே சாலையில் இன்னும் சிறிது தூரம் கிழக்கே லாஸ் குவேவாஸ் இருக்கிறது. அங்கே அலை தணிவு, ஆள் குறைவு, ஆனால் பொழுது சாயும்போது மணல் ஈக்கள் கடித்துத் துளைத்துவிடும். அதையும் தாண்டிப் பிளான்ஷிசூஸ் கிராமம் வரை சாலை போகிறது. பேருந்துகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், சொந்த வண்டி இல்லாதவர்கள் திரும்பும் நேரத்துக்கும் சேர்த்து டாக்சி பேசிக்கொண்டு கிளம்புவதே உத்தமம்.