இணையவழிப் படிப்பு: சேர்வது எளிது, முடிப்பது எப்படி?

ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்பிடெல் இணையவழிப் படிப்புகளில் கட்டணமின்றிச் சேரலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் பணம் கட்டினால் போதும். ஆனால் ஆர்வத்தோடு சேர்ந்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவோர் நம்மில் பலர்.

மதிப்பெண் முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். மொத்தம் 100இல் வாராந்திர அசைன்மென்ட்களுக்கு 25, தேர்வு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 எடுக்க வேண்டும். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்கள் கணக்கில் வரும். ஓரிரு வாரம் தவறினால் ஈடுகட்டலாம். எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு, கடைசியில் இரவெல்லாம் விழித்துப் படித்தாலும் சான்றிதழ் கிடைக்காது.

ஆகவே தேவைப்படுவது அபாரத் திறமையல்ல, தினமும் தவறாத ஒரு மணி நேரம். சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகோ, வீடு அமைதியான வேறு வேளையிலோ அதை அமைத்துக்கொள்ளலாம்.

இதில் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. படித்துக்கொண்டிருக்கும் மகளையோ மருமகளையோ, "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று அடுப்படிக்கு அழைக்கிறோம். அவள் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அப்படி அழைப்போமா? அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்கென விட்டுக்கொடுப்போம்.