டிஸ்ப்ளே வராத கம்ப்யூட்டர்: 0 ரூபாயில் தொடங்கும் செலவுக் கணக்கு

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. சில கடைகளில் பெட்டியைத் திறக்கும் முன்பே "போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். புது போர்டு என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. பழைய பிராசஸருக்குப் பொருந்தும் போர்டு கிடைக்காவிட்டால் பிராசஸரையும் ராமையும் சேர்த்தே மாற்றவேண்டி வரும். அந்தப் பணத்தை எடுக்கும் முன், இதே அறிகுறியைத் தரக்கூடிய ராமின் கணக்கை முடித்துவிட வேண்டும்.

முதல் செலவு 0 ரூபாய். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்சாரத்தை வடியவிட்டு, ராமைக் கழற்றி மறுபடி மாட்டுவது. டிடிஆர்4 ராமின் நீளம் 133.35 மில்லிமீட்டர். அதன் அடி விளிம்பில் பக்கத்துக்கு 144 வீதம் 288 பின்கள். தரவு மட்டும் 64 கம்பிகளில் போகிறது. இவற்றில் ஒன்று ஸ்லாட்டில் சரியாகத் தொடாவிட்டாலும் இயந்திரம் எழாமல் போகலாம். கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்துவதில்தான் பாதிப் பேருடைய கை தயங்குகிறது.

அடுத்த செலவு 5 ரூபாய்: பள்ளிக்கூட ரப்பர். தங்க நிறப் பின்களில் படிந்த அழுக்கை அதனால் லேசாகத் துடைத்தால் எழுந்துவிடும் கம்ப்யூட்டர்கள் ஏராளம். லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தங்கப் பூச்சின் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் பூச்சே போய்விடும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரைவிட அதுவே நல்லது.

அதற்கும் எழவில்லையா? 8 சோதனைகள் இருக்கின்றன. 2 ராம், 4 ஸ்லாட் உள்ள போர்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ராமை ஒரே ஒரு ஸ்லாட்டில் மாட்டி ஆன் செய்வது. ஒன்றுக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும் மொத்தம் 32 நிமிடம். முதல் ராம் 4 ஸ்லாட்டிலும் எழவில்லை, இரண்டாவது எழுகிறது என்றால் குற்றவாளி முதல் ராம். இரண்டு ராமுமே ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் எழவில்லை என்றால் ஸ்லாட்டைப் பாருங்கள். பிராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் ஏஎம்டியில் 2003 முதலும், இன்டெலின் டெஸ்க்டாப்களில் 2008 முதலும் பிராசஸருக்குள்ளேயே வந்துவிட்டதே காரணம். 8-லும் எழவில்லை என்றால் பவர் சப்ளை, பிராசஸர், போர்டு என்று மேலே போகலாம். "போர்டு போச்சு" என்ற சொல்லுக்கு இடம் இங்கேதான், அதற்கு முன்னால் இல்லை.

பல போர்டுகளில் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். ராம் விளக்கு எரிந்தபடியே நின்றால் பாதி வேலை மிச்சம். பழைய போர்டு என்றால் காது கொடுங்கள்: ஏஎம்ஐ பயாஸில் 3 குறும் பீப், அவார்டு பயாஸில் விடாத நீண்ட பீப், இரண்டுமே மெமரியைக் காட்டுபவை.

புது ராம் வாங்கி மாட்டியபின் எழவில்லை என்றால் கணக்கு வேறு. டிடிஆர்3-க்கு 240 பின், 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனால் 1.1 வோல்ட், அடி விளிம்பின் வெட்டு வேறு இடத்தில். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. பலவந்தம் செய்தால் இரண்டும் உடையும். ராமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற பயாஸ் அமைப்பு 3200 வேகத்துக்கு 1.35 வோல்ட் கேட்பதால் நிற்கிற இயந்திரம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மறுபடி போட்டதும் இயல்பு வேகத்தில் எழுந்துவிடும். பேட்டரியையே மாற்றினாலும் 50 ரூபாய்க்குள் முடியும். டிடிஆர்5-இல் முதல் முறை ஆன் செய்யும்போது மெமரியைப் பழக்க ஒரு சில நிமிடம்கூட ஆகலாம். திரை இருட்டாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

எழுந்துவிட்டு இடையில் நீலத்திரையோடு நிற்கும் கம்ப்யூட்டர்தான் உண்மையில் கடினம். 8 ஜிபி ராமில் சேமிப்புச் செல்கள் மட்டும் 68,71,94,76,736. அவற்றில் ஒன்று கெட்டாலும், அந்த இடத்தில் எது வந்து உட்காருகிறதோ அது கெடும். 2400 வேகத்தில் நொடிக்கு 19,200 எம்பி வரை படிக்கலாம். கணக்குப்படி 8 ஜிபியை ஒருமுறை வாசிக்க அரை வினாடி போதும். ஆனால் மெம்டெஸ்ட்86+ போன்ற இலவசச் சோதனைகள் வெவ்வேறு வடிவங்களில் எழுதி எழுதிப் படிப்பதால் மணிக்கணக்காகும். இரவில் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், ஸ்லாட்டை மாற்றி ஓட்டியும் அது வந்தால், அந்த ராமை ஒதுக்குங்கள். கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம்களில் பிழை பதிவானது. ஒருமுறை பிழை காட்டிய ராம் அதே மாதத்தில் மறுபடி காட்டும் வாய்ப்பு, மற்றவற்றைவிட 13 முதல் 228 மடங்கு அதிகம்.

2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி: 5,000 ரூபாய் ராமுக்கு 900 ரூபாய் வரி. ஆகவே பழைய பில்லைத் தேடுங்கள். ஆயுட்கால வாரண்டி தரும் ராம் நிறுவனங்கள் உண்டு. போர்டுக்குப் பணம் கேட்கும் கடைக்காரரிடம், எந்த ராமை எந்த ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டு, பதில் கிடைத்தபின் பணம் கொடுங்கள்.