பண்டிகையன்று அடுப்புக்கும் ஓய்வு!

பண்டிகை வந்தாலே பெண்களுக்கு அடுப்படிதான் கதி என்பது நம் ஊரில் மட்டுமில்லை. கொரியாவில் அறுவடைத் திருநாளான சூசோக்கின்போது, முன்னோருக்குப் படைக்க மருமகள்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அங்குள்ள கன்பூசிய அமைப்பே, எண்ணெய்ப் பலகாரம் கட்டாயமில்லை, ஒன்பது பதார்த்தம் வரை வைத்தால் போதும் என்று 2022-ல் அறிவித்துவிட்டது!

ஜப்பானியர் புத்தாண்டுக்கான 'ஓசெச்சி' உணவுகளை முன்கூட்டியே சமைத்து, அடுக்குப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். சர்க்கரை, வினிகர் சேர்ப்பதால் சீக்கிரம் கெடாது. முதல் மூன்று நாளும் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய சமையல் வேலை கிடையாது என்பது பழைய வழக்கம்.

சம்பிரதாயம் தெரிந்தவர்களே குறைச்சுக்கலாம்னு சொன்னபிறகு நாம ஏன் தயங்கணும்? எனக்கு இந்தத் தீபாவளிக்கு இரண்டே பலகாரம்தான். மிச்ச நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாமும் பண்டிகை கொண்டாடலாமே, தோழிகளே!

- ஒரு வாசகி