நாடாவில் ஏறிய கணக்கு திரும்பி வருமா?

சரக்கு சேவை வரிச் சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்கு நம் கணக்குகளைக் காத்து வைக்க வேண்டும். பேரேடும் சிட்டையும் இரும்புப் பெட்டியில் இருந்தவரை இது பெரிய காரியமல்ல. யூனிக்ஸ் அல்லது அதே மரபில் வந்த லினக்ஸ் கணிப்பொறியில் கணக்கை வைத்திருக்கும் புழல், செங்குன்றம் மண்டிக்காரர்களுக்கு மாற்றுப் பிரதியே இரும்புப் பெட்டி.

இணைப்பிலேயே இருக்கும் வட்டில் பிரதி வைத்தால், வைரஸ் புகும்போது அசலும் நகலும் சேர்ந்தே போகலாம். கழற்றி அலமாரியில் வைத்த காந்த நாடாவை அது தொடமுடியாது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் சில ஜிமெயில் கணக்குகள் காலியானபோது, கூகுள் நிறுவனம் நாடாவிலிருந்துதான் அவற்றை மீட்டது.

நாடாக் கருவியை மாட்டியதும் லினக்ஸ் அதற்கு இரண்டு பெயர்கள் தரும்: 'எஸ்டி0', 'என்எஸ்டி0'. கருவி ஒன்றேதான். முதல் பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் நாடா தானே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டாவதில் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே நாடாவில் திங்கள் கணக்கையும் செவ்வாய்க் கணக்கையும் 'எஸ்டி0' பெயரில் எழுதினால், திங்கள் கணக்கின் தலைமேல் செவ்வாய்க் கணக்கு ஏறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கருவி பொருத்த வருபவரிடம் இதை முதலில் கேளுங்கள். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் பிரதியும் அரைகுறையாகலாம். கடை சாத்திய பின் எடுப்பதே நல்லது. அரிசி ஆலைத் தவிட்டுத் தூசி கருவியின் தலைக்கு ஆகாது.

எந்திரக் கை வைத்த நாடா நூலகம் இதன் பெரிய அண்ணன். நாடாக்கள் அறைகளில் நிற்க, 'எம்டிஎக்ஸ்' கட்டளை எந்த அறையில் எது என்று சொல்லும். எடுத்து மாட்டவும் திருப்பி வைக்கவும் செய்யும். எல்.டி.ஓ. 9 நாடா ஒன்றே 18 டெராபைட் கொள்ளும்போது, நம் கணக்கு புழல் ஏரியில் ஒரு குடம். பல கிளை உள்ளவர்களுக்கு எட்டு நாடா கொள்ளும் சிறு பெட்டியே தாராளம்.

எழுதியதைப் படித்துப் பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1998இல் பிக்சார் படநிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' கோப்புகளை ஒரு யூனிக்ஸ் கட்டளை அழித்துக்கொண்டே போனது. பிரதியைத் தேடினால், அது சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை. மகப்பேற்றுக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் அம்மையாரின் கணிப்பொறியில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. மாதம் ஒருமுறையாவது நாடாவிலிருந்து ஒரு நாள் கணக்கை வேறு இடத்தில் இறக்கி, அச்சிட்ட பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது வைக்கும் இடம். 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பர் மழையையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாம் பார்த்தோம். கணிப்பொறியும் நாடாவும் ஒரே தரைத்தளக் குடோனில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். ஒரு நாடா கடை மாடியில் இருக்கட்டும். மற்றொன்று, தேதி எழுதிய உறையோடு, சனிக்கிழமைதோறும் மேடான வேறு பகுதிக்குப் போகட்டும். அதை எடுத்துப்போகும் ஆள் விடுப்பில் இருந்தால் யார் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.