தோட்டத்துக்குத் துப்பாக்கி காவலாகுமா?

தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு பணித்தது. லயங்களில் வாழ்வோருக்கு அது பிறர் செய்தி. எனினும் பழைய கேள்வியொன்றை அது கிளறுகிறது.

1983 ஜூலையில் நுவரெலியாவில் தமிழர் கடைகள் எரிந்தபோது படையினர் சிலரே வன்முறையாளருடன் கலந்திருந்தனர். நமக்கும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று அன்று ஏங்கியவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் 1977 மே மாதம், காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். தொழிலாளர் கையிலும் ஆயுதம் இருந்திருப்பின் அது ஓர் உயிரோடு நின்றிராது.

சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் விளையாட்டும் ஒன்றாய் நடக்கும் லயத்து அறையில் துப்பாக்கியை எங்கே பூட்டிவைப்பது? திருடனுக்கு முன் குழந்தையின் கையன்றோ அதைத் தொடும்! இரவில் அழைத்தால் வரும், முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ளும் பொலிஸ் நிலையத்தையே தோட்ட மக்கள் கேட்க வேண்டும்.