பகுதிநேர வேலைக்கு மாறும் தாய்மார் பார்க்க வேண்டிய கணக்கு

பிரசவ விடுமுறை முடிவடையும் தறுவாயில், தனியார் துறையில் பணிபுரியும் தாய்மார் பலரை வாட்டும் கேள்வி, குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்பதாகும். சட்டப்படி கிடைக்கும் 84 நாள் விடுமுறை, 2018ஆம் ஆண்டின் திருத்தங்களுக்குப் பின்னர் எத்தனையாவது பிள்ளையாயினும் உரித்தானது. எனினும் அது முடியும்போது குழந்தைக்கு நான்கு மாதங்கூட நிறைந்திருப்பதில்லை. பாட்டிமார் அருகில் இருக்கும் குடும்பங்கள் கொடுத்து வைத்தவை. ஏனையோரில் வேலையை அடியோடு விட்டுவிடுபவர்கள் ஒருபுறமிருக்க, நிர்வாகத்துடன் பேசி அரைநாள் வேலைக்கு மாறுபவர்களும் இருக்கின்றனர்.

சம்பளம் பாதியாகும், செலவைச் சுருக்கிச் சமாளித்துக் கொள்ளலாம் என்ற எண்ணத்துடனேயே இம்முடிவு பெரும்பாலும் எடுக்கப்படுகின்றது. ஆனால் இழப்பின் பெரும்பகுதி மாதச் சம்பளத் துண்டில் தெரிவதில்லை என்பதையே நாம் இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் கணக்கைப் பார்ப்போம். வேலை நேரம் பாதியானால் வேலைக்குச் செல்லும் செலவும் பாதியாகும் என்று கருதுவது தவறு. ஐந்து நாட்களும் அரைநாள் செல்பவருக்கு பஸ் கட்டணத்தில் ஒரு சதமும் மிஞ்சாது. வாரத்தில் மூன்று முழுநாட்கள் செல்பவருக்கு இரண்டு நாட் கட்டணம் மிஞ்சும். ஆயினும் பாடசாலை விடும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டிய தாய்க்கு அந்த ஏற்பாடு பயன்படாது. பிள்ளை பராமரிப்பு நிலையம் மாதக் கணக்கில் கட்டணம் அறவிடுமாயின் அங்கும் முழுத் தொகையே. மேலதிக நேரக் கொடுப்பனவும் வரவு ஊக்கத்தொகையும் பாதியாகாமல் முற்றாகவே இல்லாமற் போய்விடக் கூடும். வருமான வரி குறைவதால் ஆறுதல் கிடைக்கும் என்பதும் நம்மிற் பலருக்குப் பொருந்தாது. 2025 ஏப்ரல் முதல் மாதம் ஒரு இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வரையிலான சம்பளத்துக்கு வரியே கிடையாது. கட்டாத வரியில் மிச்சம் பிடிக்க முடியாதல்லவா?

அடுத்தது ஊழியர் சேமலாப நிதியம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் 8 சதவீதமும் தொழில்வழங்குநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதத்தைத் தொழில்வழங்குநர் செலுத்த வேண்டும். உதாரணமாக, மாதம் 80,000 ரூபா பெறும் ஒரு தாய் 40,000 ரூபாவுக்கு இறங்குகின்றார் எனக் கொள்வோம். தொழில்வழங்குநரின் பங்கு மட்டும் மாதம் 6,000 ரூபா குறைகின்றது. அவர் ஒருபோதும் கையில் வாங்கிப் பார்த்திராத பணம் என்பதால் அது போவதும் தெரிவதில்லை. நான்கு ஆண்டுகளில் இது 2 இலட்சத்து 88 ஆயிரம் ரூபா. அதற்குரிய வட்டியும், வட்டிக்கு வட்டியும் 50 வயதில் நிதியத்தை மீளப் பெறும்வரை சேராமலே போகும்.

பகுதிநேர ஊழியர்களுக்கு இந்நிதியம் உரியதல்ல என்று சில நிறுவனங்கள் கூறுவதுண்டு. அது உண்மையல்ல. நிரந்தரமோ தற்காலிகமோ பகுதிநேரமோ, சட்டத்தின் கீழ் வரும் தொழிலாயின் முதல் நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்தப்பட வேண்டும். சம்பளத்தைப் "படி" என்று பெயர் மாற்றி, நிதியத்துக்குச் செலுத்தாமல் கையில் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு உடன்படுவது தம் கையால் தம் சேமிப்பைக் கிழிப்பதாகும்.

இவை யாவற்றையும் விடப் பெரிய அடி பணிக்கொடையில் விழுகின்றது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து வருட சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளம் பெறுபவராயின், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வழங்க வேண்டும் என்கின்றது. எந்த அரை மாதச் சம்பளம்? இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் பாதி. இங்கேதான் சிக்கல் இருக்கின்றது.

மேற்கூறிய தாய் 14 வருடங்கள் முழுநேரம் பணியாற்றிய நிலையில் விலகியிருந்தால் 40,000 ரூபா வீதம் 14 வருடங்களுக்கு 5 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா பெற்றிருப்பார். அவர் விலகாமல் மேலும் நான்கு வருடங்கள் அரைநாள் உழைத்துவிட்டு விலகுகின்றார். இப்போது 20,000 ரூபா வீதம் 18 வருடங்கள். கிடைப்பது 3 இலட்சத்து 60 ஆயிரம். நான்கு வருடங்கள் கூடுதலாக உழைத்ததற்குப் பரிசு, இரண்டு இலட்சம் ரூபா இழப்பு! முழுநேரம் உழைத்த 14 வருடங்களும் அரைநேரமாகவே கணக்கிடப்பட்டு விடுகின்றன. சம்பளம் ஏறிக்கொண்டே செல்லும் என்ற எண்ணத்தில் இயற்றப்பட்ட விதி, அது இறங்கும்போது ஊழியருக்கு எதிராகத் திரும்புகின்றது.

அவ்வாறாயின் பழைய சேவையை முடித்துப் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு, புதிய நியமனமாகச் சேர்வது நல்லதா? தொகை காப்பாற்றப்படும். ஆனால் புதிய சேவை ஐந்து வருடங்களை எட்டாவிடின் அதற்குப் பணிக்கொடை எதுவுமில்லை. சேவை மூப்பும் அறுந்துவிடும். இதைவிடச் சிறந்த வழி, மாறும் முன்னரே நிர்வாகத்திடமிருந்து கடிதம் பெறுவதாகும். முழுநேரச் சேவைக்கான பணிக்கொடை முழுநேரச் சம்பளத்தின்படியே கணிக்கப்படும் என்பதும், எந்தத் திகதியில் முழுநேரத்துக்குத் திரும்பலாம் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சட்டம் குறிப்பிடும் அளவைவிடக் கூடுதலாக வழங்க ஒரு நிறுவனம் இணங்குவதற்குத் தடையேதுமில்லை. முழுநேரத்துக்கு மீண்டபின் விலகுபவருக்கு இப்பிரச்சினை எழுவதுமில்லை. வாய்மொழி உறுதி மட்டும் போதாது. உறுதியளித்த முகாமையாளர் நான்கு வருடங்களில் வேறிடம் சென்றிருப்பார்.

தமிழ்க் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும், நேரத்தைக் குறைப்பது தாய்தான் என்பது விவாதமின்றியே முடிவாகி விடுகின்றது. தந்தையின் சம்பளம் அதிகமாயின் மாதச் செலவுக்கு அது சரியாகவும் தோன்றும். ஆனால் குறையும் சேமலாப நிதியும் பணிக்கொடையும் தாயின் பெயரில் உள்ளவை. குடும்பம் முழுவதற்குமாக எடுக்கப்படும் முடிவின் நட்டம் ஒருவர் கணக்கில் மட்டும் எழுதப்படுவது நியாயமாகாது. கணவரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகையை, இவ்வுதாரணத்தில் அந்த 6,000 ரூபாவையேனும், மனைவியின் பெயரில் வைப்பிலிடும் வழக்கம் நம்மிடையே ஏற்பட வேண்டும்.

பங்களிப்புகள் ஒழுங்காகச் செலுத்தப்படுகின்றனவா என்பதை நிதியத்தின் கணக்குக் கூற்றிலே சரிபார்த்துக் கொள்ளலாம். செலுத்தப்படாவிடின் பிரதேசத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். பணிக்கொடை, சேவை முடிவடைந்து 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டியது. அது தாமதமாயினும் முறையிட வேண்டிய இடம் அதே அலுவலகமே.